கண் இழந்தும் எண் இழவாத பேரறிஞர் ஆய்லர்

 

எண்ணையும் எழுத்தையும் மக்களின் இரு கண்களாகப் போற்றுவது நம் முன்னோர் வழக்கம். முகத்தில் உள்ள கண்கள் இரண்டும் ஒளி இழந்த பின்னரும் எண் என்னும் கண் ஒன்றையே துணையாகக் கொண்டு உலகுக்கு வழிகாட்டிய ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை இம்மலரின் வாயிலாக நாம் அறிந்துகொள்வோம். அவர்தாம் லியோனார்டு ஆய்லர் என்னும் கணிதப் பேரறிஞர். கணித நூல் எதைத் திறந்தாலும் ஏதேனும் ஒரு பக்கத்தில் அவருடைய கைவண்ணத்தைக் காணலாம்.

ஒரு காசுக் கணக்கு

வரலாற்றுக்குள் புகுமுன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஜனவரி முதல் நாளன்று உண்டியலில் ஒரு காசு போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாள் இரண்டு காசு. மூன்றாம் நாள் நான்கு காசு. நான்காம் நாள் எட்டுக் காசு. இவ்வாறு ஒவ்வொரு நாளும் முந்திய நாள் போட்டதைப்போல் இருமடங்கு போட்டு வருகிறோம். பத்தாம் நாள் முடிவில் உண்டியலில் இருப்பது 10 வெள்ளி 23 காசு மட்டுமே. இருபதாம் நாள் முடிவில் அது 10,485 வெள்ளி 75 காசாகப் பெருகிவிடும். ஜனவரி 31-ஆம் நாள் இரவில் எண்ணிப் பார்த்தால் இரண்டு கோடியே பதினான்கு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு வெள்ளி நாற்பத்தேழு காசு இருக்கும்! நம் சொல்லை நம்ப வேண்டா. தாளும் எழுதுகோலும் எடுத்து நீங்களே கூட்டிப் பாருங்கள்.

இத்தொகையைக் காசாகவே எழுதினால் 2,147,483,647 என வரும். அதாவது இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. இப்போது ஒரு வினா. இக்காசுகளை மீதம் இல்லாமல் சிலருக்குச் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்க இயலுமா? இருவருக்கு இயலாது, ஒரு காசு மிஞ்சும். மூவருக்கும் இயலாது. எழுவருக்கும் இயலாது. அப்படியானால் எத்தனை பேருக்குத்தான் இயலும்? இவ்வினாவுக்கு ஐயத்திற்கு இடமின்றி முதன்முதலில் விடை கண்டவர் ஆய்லரே.

பகா எண் என்றால் என்ன என்பதை மேல் வகுப்பு மாணவர்கள் அறிவர். தம்பி தங்கையர்க்காக இங்கே சொல்கிறோம். பன்னிரண்டு ரப்பர்க் கொட்டைகளை எடுத்துத் தரையில் வரிசையாக அடுக்குங்கள். மூன்று வரிசையாக அடுக்கினால் வரிசைக்கு நான்கு வரும். இரண்டு வரிசையாக அடுக்கினால் ஆறு வரும். இன்னும் ஒரு கொட்டையைச் சேர்த்துப் பதின்மூன்று ஆக்குங்கள். எப்படி அடுக்கினாலும் வரிசைகள் சமமாக அமையா. ஒரே நீண்ட வரிசையாக வைத்தால்தான் உண்டு. இவ்வாறு ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எந்த எண்ணாலும் மீதமின்றி வகுபடாத எண்ணே பகா எண் ஆகும். 2, 3, 5, 7, 11, 13 ஆகியவை பகா எண்கள். சிறிய எண் பகா எண்ணா என்பதைக் கொட்டைகளைக் கொண்டே கண்டறியலாம். இருநூறு கோடிக்கும் மேற்பட்ட எண்ணை அவ்வாறு சோதிக்க இயலுமோ? அதற்கு அறிவின் துணை வேண்டும். அந்த அறிவு ஆய்லரிடம் எவ்வாறு வளர்ந்தது என்பதை இனிக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

ஆய்லர் 1707-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 15-ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில் பிறந்தார். தந்தையார் பால் ஆய்லர் கிறித்துவ சமயப் போதகர்; செல்வர் அல்லர். குழந்தை பிறந்த சிறிது காலத்தில் குடும்பம் அண்மையிலிருந்த ரீகன் என்னும் சிற்றூரில் குடியேறியது. தந்தையார் தம் இளமையில் யாக்கோபு பெர்னூலி என்னும் கணித அறிஞரிடம் பாடம் கேட்டவர். ஆதலால் மகனுக்குக் கணிதத்தின் தொடக்கப் பாடங்களை வீட்டிலேயே கற்பித்தார். எனினும், மகனும் தம்மைப் போலவே சமயப் பணியாற்ற வேண்டும் என்பதே அவருடைய விருப்பம்.

பதின்மூன்றாம் வயதில், 1720-இல், ஆய்லர் பாசல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே யாக்கோபு பெர்னூலியின் தம்பியாகிய யோகான் பெர்னூலி கணிதப் பேராசிரியராக விளங்கினார். தமக்குத் தனியே பாடம் சொல்லித்தர வேண்டுமென்று சிறுவர் ஆய்லர் அவரிடம் வேண்டினார். பேராசிரியருக்கு ஓய்வு இல்லை. ஆயினும் சிறுவரின் ஆர்வத்தைக் கண்டு கடினமான நூல்கள் சிலவற்றைக் குறிப்பிட்டு, தாமே படித்துக்கொள்ளுமாறும், விளங்காதவற்றைச் சனிக்கிழமை பிற்பகலில் வந்து கேட்குமாறும் பணித்தார். வாரம் முழுவதும் முயன்று படித்துவிட்டு, எவ்வளவு எண்ணியும் விளங்காதவற்றை மட்டுமே ஆசிரியரிடம் கொண்டு சென்றார் ஆய்லர். ஓர் ஐயம் நீங்கியவுடன் வேறு பத்து ஐயங்கள் தாமே நீங்கிவிடும் என்பதைத் தாம் அக்காலத்தில் உணர்ந்ததாக முதிய வயதில் அவர் நினைவுகூர்ந்தார். ஆசிரியர் எல்லாவற்றையும் ஊட்டிவிட வேண்டுமென எதிர்பார்க்கும் மாணவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

மகனைச் சமயக் கல்வியில் சேர்க்கத் தந்தையார் முயன்றபோது, இப்பிள்ளை கணிதத்திற்கென்றே பிறந்தவன் என்பதை யோகான் பெர்னூலி எடுத்துரைத்தார். தந்தையாரும் தம் விருப்பத்தை விட்டுக்கொடுத்து மகனின் விருப்பத்திற்கு இசைந்தார். பெற்றோர் ஒருவரின் அந்த இசைவு உலகத்துக்கே ஒரு மேதையைத் தந்தது.

1727-இல் பாரிசு நகர அறிவியற் கழகம், கப்பலில் பாய்மரங்களை எவ்விடத்தில் நிறுத்துவது சிறந்தது என்பதை ஆராயும் போட்டி ஒன்றை நடத்தியது. கடலே இல்லாத நாட்டில் பிறந்து வளர்ந்த இருபது வயது இளைஞராகிய ஆய்லர் அதற்குக் கட்டுரை எழுதி இரண்டாம் நிலைப் பாராட்டைப் பெற்றார். காணாத கப்பலையும் கணக்கின் வழியே காணும் ஆற்றல் அவருக்கு அப்போதே வாய்த்திருந்தது.

பெரியோர் சொல்லையும் ஆராய்ந்தவர்

சொந்த ஊரில் தக்க வேலை கிடைக்கவில்லை. யோகான் பெர்னூலியின் மகனும் தம் நண்பருமாகிய தானியேல் பெர்னூலி ரஷ்ய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகர அறிவியற் கழகத்தில் பணியாற்றி வந்தார். அவருடைய முயற்சியால் 1727-இல் ஆய்லரும் அந்நகருக்குப் பயணமானார். 1733-இல் அங்கே கணிதப் பேராசிரியர் பொறுப்பு அவருக்குக் கிட்டியது. மறு ஆண்டு கத்தரீனா என்னும் மங்கையை மணந்தார். அவர்களுக்குப் பதின்மூன்று குழந்தைகள் பிறந்தன. அவர்களுள் ஐவரே வளர்ந்து பெரியவராயினர்; ஏனையோர் இளமையிலேயே இறந்தனர். அத்துயரங்களுக்கு இடையிலும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே கணிதக் கட்டுரை எழுதக்கூடியவராக அவர் இருந்தார்.

பகா எண்களின்பால் அவருடைய கருத்தைத் திருப்பியவர் கோல்ட்பாக் என்னும் நண்பர். அவர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்த பெருங்கணித அறிஞர் பெர்மா. அவர், குறிப்பிட்ட ஒரு முறையில் அமைக்கப்படும் எண்கள் யாவும் பகா எண்களே என நம்பினார். அவற்றுள் முதல் ஐந்து 3, 5, 17, 257, 65,537 என்பன. இவை ஐந்தும் பகா எண்களே. ஆறாவது எண் 4,294,967,297. அதுவும் அத்தகையதுதானா என்று எவரும் சோதித்துக் காட்டவில்லை. பெர்மா போன்ற பெரியவர் நம்பியதை யார் மறுக்கத் துணிவார்?

1729-இல் கோல்ட்பாக் இது குறித்து ஆய்லருக்குக் கடிதம் எழுதினார். ஆய்லர் அதனை ஆழ்ந்து ஆராய்ந்தார். 1732-இல், அவ்வாறாவது எண் 641 என்னும் எண்ணால் மீதமின்றி வகுபடுகிறது என்று காட்டினார். 641-ஐயும் 6,700,417-ஐயும் பெருக்கிப் பாருங்கள். அந்த எண்ணே வரும். இதற்கு மேல் வாதம் ஏது? பெர்மாவின்மீது ஆய்லருக்கு அளவற்ற மதிப்பு உண்டு. அவர் கூறிய வேறு பல உண்மைகளுக்கு முதன்முதலில் சான்று கண்டு உலகுக்கு அளித்தவரும் இவரே. பெரியோரைப் போற்றுவது வேறு, அவர் சொல்லை ஆராயாமல் ஏற்பது வேறு என்பதை அவர் தம் செயலால் உணர்த்தினார்.

முதற் கண்ணின் இழப்பு

1735-இல் கடுங்காய்ச்சல் அவரை வருத்தியது. அதனைத் தொடர்ந்து 1738 அளவில் வலக் கண்ணின் பார்வை கெட்டது. எஞ்சியது ஒரு கண். அந்த ஒரு கண்ணோடு 1741-இல் பிரசிய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் அழைப்பை ஏற்று பெர்லின் நகர் சென்று, அங்கு இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார். எளிய உடையும் அடக்கமான பேச்சும் ஆழ்ந்த சமயப் பற்றும் உடைய ஆய்லரை, சொல்நயமும் நகைச்சுவையும் விரும்பிய அம்மன்னர் பெரிதும் மதிக்கவில்லை. ஆய்லர் அதனைப் பொருட்படுத்தாமல் கப்பல், பீரங்கி, நிலவின் இயக்கம், இசை, ஒளி எனப் பல துறைகளிலும் நூல்கள் எழுதிக் குவித்தார்.

1766-இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரீன் அழைக்கவே, குடும்பத்துடன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். அந்நாளில் எஞ்சியிருந்த இடக் கண்ணிலும் புரை படர்ந்தது. கரும்பலகையில் மிகப் பெரிதாக எழுதிய எழுத்துகளை மட்டுமே மங்கலாகக் காண முடிந்தது. அவருக்கு அப்போது வயது ஐம்பத்தொன்பது. இனி ஓய்வு கொள்ளலாமே என்று உற்றார் எண்ணியிருக்கலாம். அவரோ ஓயவில்லை.

தையற்காரரும் தொழிலாளியும்

கண் இழந்தவர் எவ்வாறு நூல் எழுதுவது? தையல் தொழில் பழகிய இளைஞர் ஒருவரைத் தம் பணியாளராக அமர்த்திக்கொண்டார். அவ்விளைஞருக்கு எழுதப் படிக்கத் தெரியுமே தவிரக் கணிதம் தெரியாது. அவரை எதிரில் அமர்த்தி, இயற்கணிதத்தை முதற்பாடத்திலிருந்து தெளிவாகச் சொல்லச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். நூல் நிறைவுற்றபோது அத்தையற்கார இளைஞர் கடினமான இயற்கணிதக் கணக்குகளையும் பிறர் உதவியின்றிச் செய்யக்கூடியவராக ஆகியிருந்தார்! 1770-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த அந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாக விளங்கியது. கணிதம் அறிவுமிக்கோர்க்கு மட்டுமே உரியது என்று கூறுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். தெளிவாகச் சொல்பவரும் பொறுமையாகக் கேட்பவரும் கூடினால் எவருக்கும் அது கைவரும்.

1771-ஆம் ஆண்டு ஆய்லருக்குப் பெருந்துன்பம் கொணர்ந்த ஆண்டு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் தீப்பற்றியது. மரவீடுகள் மளமளவென எரிந்தன. ஆய்லரின் வீட்டையும் தீ சூழ்ந்தது. வழி காண இயலாத முதியவர் உள்ளே சிக்கிக்கொண்டார். அப்போது பாசல் நகரிலிருந்து வந்து அங்கே தொழில் செய்து வாழ்ந்த பீட்டர் கிரிம் என்னும் கைவினைத் தொழிலாளி தம் உயிரைப் பொருட்படுத்தாது எரியும் வீட்டிற்குள் புகுந்து, ஆய்லரைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்தார். வீடும் பொருளும் அழிந்தன. கையெழுத்துப் படிகளிற் பெரும்பகுதி காப்பாற்றப்பட்டது. அரசர்களும் பேரரசிகளும் அழைத்துப் போற்றிய மேதையை அன்று காத்தது உழைப்பாளி ஒருவரின் தோள். அத்தோள் இல்லையேல், நாம் இனிச் சொல்லப்போகும் செய்தியும் இல்லை.

அதே ஆண்டில் இடக் கண்ணுக்கு அறுவை மருத்துவம் செய்தனர். கட்டு அவிழ்த்ததும் பார்வை திரும்பியது! அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சில நாள்களில் கண்ணில் நோய் கண்டு, கொடிய வேதனையுடன் பார்வை மீண்டும் மறைந்தது. பிறகு திரும்பவே இல்லை.

இருளில் கண்ட பகா எண்

நம் உண்டியல் கணக்கிற்கு இனித் திரும்புவோம். இரண்டு நாள் போட்டால் மொத்தம் 3. மூன்று நாளுக்கு 7. ஐந்து நாளுக்கு 31. ஏழு நாளுக்கு 127. இவை யாவும் பகா எண்கள். நான்கு நாளுக்கு 15 வரும். அது மூன்றாலும் ஐந்தாலும் வகுபடும். நாள்களின் எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால் மொத்தமும் பகு எண்ணாகவே இருக்கும் என்பது உறுதி. நாள்களின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் மொத்தமும் பகா எண் ஆகுமா? ஆகலாம், ஆகாமலும் போகலாம். பதினொரு நாளுக்கு வரும் 2,047-ஐப் பாருங்கள். அது 23-ஐயும் 89-ஐயும் பெருக்கி வருவது.

இவ்வகை எண்களை ஆராய்ந்தவர் பலர். இத்தாலி நாட்டுக் கட்டால்டி என்பவர் 1588-இல் பதினேழு நாள், பத்தொன்பது நாள் மொத்தங்கள் பகா எண்களே என நிறுவினார். 23, 29, 31, 37 ஆகிய நாள்களின் மொத்தங்களும் அத்தகையனவே என்று கூறினார். இருபத்து மூன்று நாள் மொத்தம் 47-ஆல் வகுபடும் என்றும், முப்பத்தேழு நாள் மொத்தம் 223-ஆல் வகுபடும் என்றும் 1640-இல் பெர்மா காட்டினார். இருபத்தொன்பது நாள் மொத்தம் 233-ஆல் வகுபடும் என்று 1738 அளவில் ஆய்லர் காட்டினார். நான்கில் மூன்று பொய்த்தன. எஞ்சியது முப்பத்தொரு நாள் மொத்தம் ஒன்றே. பிரெஞ்சுத் துறவியார் மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலிலும் அது இடம்பெற்றிருந்தது. ஆனால் சான்று இல்லை. அது மெய்யா, அதுவும் பொய்த்துப்போகுமா என்பதே கேள்வி.

ஓர் எண் இரு காரணிகளாகப் பிரியுமானால் அவற்றுள் ஒன்றேனும் சிறியதாக இருந்தாக வேண்டும். 46,341-ஐ அதே எண்ணால் பெருக்கினால் நம் எண்ணைவிடப் பெரிதாகிவிடுகிறது. ஆகவே 46,340 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவ்வெல்லைக்குள் 4,700-க்கும் மேற்பட்ட பகா எண்கள் உள்ளன! ஒவ்வொன்றாக வகுப்பது பெருஞ்சுமை. இங்கேதான் ஆய்லரின் நுண்ணறிவு வெளிப்பட்டது. இம்மொத்தத்தை வகுக்கக்கூடிய பகா எண் ஒன்று இருக்குமானால், அதனை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 என்றே வரவேண்டும். வேறு மீதி வரவே வராது என்று அவர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் ஏறத்தாழ எண்பதே. நாலாயிரத்து எழுநூறு எண்பதாகச் சுருங்கியது! நெல்லையும் பதரையும் முறத்தில் இட்டுப் புடைப்பதுபோல வேண்டாதவற்றை எல்லாம் விலக்கிவிட்டார்.

எஞ்சியவற்றுள் முதலாவது 311. அதனால் வகுத்தால் 35 மீதம். அடுத்தது 1,303. அதனால் வகுத்தால் 226 மீதம். மாணவர்கள் இவ்விரண்டையும் வகுத்துச் சரிபார்க்கலாம். இவ்வாறே இறுதி வரை எந்த எண்ணும் மீதமின்றி வகுக்கவில்லை. எனவே 2,147,483,647 பகா எண்ணே என்பது உறுதியாயிற்று. பெர்னூலி குடும்பத்து அறிஞர் ஒருவருக்கு 1772-இல் எழுதிய கடிதத்தில் ஆய்லர் இதனைத் தெரிவித்தார். வீட்டைத் தீ தின்று ஓராண்டே ஆகியிருந்தது. கண்ணொளியும் அறவே நீங்கியிருந்தது. அந்நாள்வரை உறுதியாக அறியப்பட்ட பகா எண்களிலெல்லாம் இதுவே மிகப் பெரியது.

இவ்வெண்ணுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 6 என்னும் எண்ணை மீதமின்றி வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3. அவற்றைக் கூட்டினாலும் 6 வரும். 28-க்கு 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. இத்தகைய எண்களை நிறைவெண்கள் என்பர். நம் உண்டியலின் மொத்தம் பகா எண்ணாக இருந்தால், அம்மொத்தத்தைக் கடைசி நாள் போட்ட காசால் பெருக்க நிறைவெண் கிடைக்கும். மூன்று நாள் மொத்தம் 7, கடைசி நாள் காசு 4, பெருக்கினால் 28. ஐந்து நாள் மொத்தம் 31, கடைசி நாள் காசு 16; பெருக்கினால் 496. இதனை ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் யூக்லிட் என்னும் கிரேக்க அறிஞர் கண்டறிந்தார். இரட்டை எண்ணாகிய நிறைவெண் எதுவும் இவ்வழியில் அன்றி வேறு வழியில் தோன்றாது என்பதை நிறுவியவர் ஆய்லரே. ஈராயிரம் ஆண்டு இடைவெளிக்குப் பின் ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் நிறைவு செய்தார்.

நினைவாற்றலும் இறுதி நாளும்

இவை யாவும் மனத்திற்குள்ளேயே நிகழ்ந்தன என்பதை எண்ணும்போது நமக்கு வியப்பு மேலிடுகிறது. முதல் நூறு பகா எண்களையும், ஆறாம் அடுக்கு வரையில் அவற்றின் பெருக்கங்களையும் ஆய்லர் மனப்பாடமாக வைத்திருந்தார் என்பர். இளமையில் கற்ற ஈனியத் என்னும் இலத்தீன் பெருங்காப்பியம் முழுவதையும் முதுமையிலும் ஒப்பிப்பாராம். மாணவர் இருவர் செய்த நீண்ட கணக்கொன்றில் ஐம்பதாம் இலக்கத்தில் வேறுபாடு தோன்றியபோது, எவர் விடை சரி என்பதை மனத்திலேயே கணக்கிட்டுக் கூறினார் என்றும் சொல்வர். வாய்பாட்டைப் பாடம் செய்யச் சொன்னால் முகம் சுளிப்போர் இதனை நினைவிற் கொள்க.

1773-இல் மனைவியார் மறைந்தார். அத்துயரையும் அவர் தாங்கிக்கொண்டார். மக்களும் மாணவர்களும் எழுத உதவ, அவர் வாழ்நாளில் படைத்தவற்றுள் ஏறத்தாழப் பாதி 1766-க்குப் பிந்திய இருள் சூழ்ந்த ஆண்டுகளில்தான் உருவாயிற்று. மொத்தம் 850-க்கும் மேற்பட்ட நூல்களும் கட்டுரைகளும் அவர் பெயரால் உள்ளன.

1783-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள். அன்று காலையில் பேரக் குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆகாயத்தில் எழும் பலூன் பற்றிய கணக்கொன்றைச் செய்தார். இரண்டாண்டுகளுக்கு முன் கண்டறியப்பட்ட யுரேனசு என்னும் கோளின் பாதையைப் பற்றித் தம் துணைவர் லெக்செல்லுடன் உரையாடினார். மாலையில் மூளையில் குருதிக் கசிவு ஏற்பட்டு நினைவிழந்தார். அன்றிரவே உயிர் நீத்தார். அகவை 76. அவர் மறைந்த பின்னும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக் காலம் அறிவியற் கழகம் அவருடைய கட்டுரைகளை வெளியிட்டுக்கொண்டே இருந்தது.

எண்ணின் பிற்கால வரலாறு

ஆய்லர் மறைந்தாலும் அவர் கண்ட எண் மறையவில்லை. 1811-இல் பார்லோ என்னும் ஆங்கில அறிஞர், இவ்வெண்ணிலிருந்து தோன்றும் நிறைவெண்ணே மனிதர் காணக்கூடியவற்றுள் மிகப் பெரியதாக இருக்கும் என்றும், பயனற்ற ஒன்றை இதற்குமேல் எவரும் தேட மாட்டார் என்றும் கருதினார். இரண்டு கருத்துகளும் பொய்த்தன. 1876-இல் பிரெஞ்சு அறிஞர் லூக்கா, 127 நாள் மொத்தம் பகா எண்ணே எனக் கண்டார்; அது 39 இலக்கங்கள் கொண்டது. 1903-இல் அமெரிக்கப் பேராசிரியர் கோல், மெர்சென் பட்டியலில் இருந்த 67 நாள் மொத்தத்தின் காரணிகளைக் காட்டி, அது பகா எண் அன்று என்பதை விளக்கினார். கணிப்பொறிகள் வந்தபின் தேடல் மேலும் விரைவுற்றது. 2024-இல் கண்டறியப்பட்ட இவ்வகைப் பகா எண் 41,024,320 இலக்கங்கள் கொண்டது! அதனை எழுதி முடிக்க ஒரு நாளோ ஒரு மாதமோ போதாது.

பயன் இல்லை என்றார்களே, அதுவும் பொய்த்தது. பெரும் பகா எண்களைப் பெருக்கி அமைத்த பூட்டுகள் இன்று வங்கிக் கணக்குகளையும் கடிதங்களையும் கணிப்பொறிகளுக்கிடையே காக்கின்றன. ஆய்லரின் எண்ணும் கணிப்பொறிக்குள் குடிபுகுந்துவிட்டது. 31 விளக்குகளை வரிசையாக வைத்து, ஏற்றியும் அணைத்தும் எண்களைக் குறித்தால், எல்லா விளக்குகளும் எரியும்போது வரும் மிகப் பெரிய எண் 2,147,483,647. பழைய முறைக் கணிப்பொறிகள் பல இவ்வாறே எண்களைக் குறித்துவைக்கின்றன. அவற்றின் கடிகாரங்கள் 1970-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணி வருகின்றன. 2038-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள், நம் நாட்டு நேரப்படி முற்பகல் 11 மணி 14 நிமிடம் 7 நொடிக்கு, அந்த எண்ணிக்கை ஆய்லரின் எண்ணைத் தொடும். அதற்கு அடுத்த நொடியைக் குறிக்க அவற்றில் இடமில்லை. அதற்குள் அவற்றைத் திருத்தியமைக்க வேண்டியது அறிஞர்களின் கடமை. இன்று தொடக்கப்பள்ளியில் பயிலும் உங்களுள் சிலரும் அப்பணியில் பங்கு கொள்ளலாம் அன்றோ?

நிறைவுரை

மாணவமணிகளே! ஆய்லரின் வாழ்க்கையில் இழப்புகள் பல. எட்டுக் குழந்தைகளை இழந்தார், கண்களை இழந்தார், வீட்டை இழந்தார், வாழ்க்கைத் துணையை இழந்தார். எண்ணின்மீது கொண்ட பற்றை மட்டும் இழக்கவில்லை. பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை நம்பவும் இல்லை. கடினமானது என்பதற்காக ஒன்றைக் கைவிடவும் இல்லை.

பெற்றோர்களே! பால்மரக் காட்டிலும் தொழிற்சாலையிலும் நாள் முழுதும் உழைத்து மாலையில் களைத்துத் திரும்பும் நீங்கள், பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித்தரத் தெரியவில்லையே என்று வருந்த வேண்டா. தையற்கார இளைஞரைப் போல அவர்களின் எதிரில் அமர்ந்து, இன்று பள்ளியில் என்ன கற்றாய், எனக்கும் சொல் என்று கேளுங்கள். சொல்லச் சொல்லப் பிள்ளைக்குத் தெளிவு பிறக்கும். கேட்கக் கேட்க உங்களுக்கும் பிறக்கும். பீட்டர் கிரிம் அறிவைத் தோளில் சுமந்தார். பிள்ளைகளின் கல்வியைத் தோளில் சுமக்கும் நீங்களும் அவருக்கு ஒப்பானவரே.

இன்றிரவே ஒரு தாளை எடுங்கள். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று எழுதத் தொடங்குங்கள். முப்பத்தொன்றாம் வரியை அடைந்து கூட்டி முடிக்கும்போது, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கண்ணொளி இழந்த முதியவர் ஒருவர் இருளில் அமர்ந்து கண்ட அதே எண் உங்கள் கையெழுத்தில் ஒளிரும்.